நீல டப்பாவும் கெண்டைச் சினையும்

(அம்பத்தூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பட்டறை வேலை முடிந்து கையில் கிரீஸ் வாசனை மாறுவதற்கு முன்பே வந்து அமர்ந்திருக்கும் தொழிற்பேட்டை நண்பர்களே,

முதலில் ஒரு மன்னிப்பு. இன்றைக்கு எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, 'கேவியர் ரசனை' என்று சொன்னேன். ரயில் இரைச்சலில் அவர் காதில் அது எப்படி விழுந்ததோ, அழைப்பிதழில் 'காவிய ரசனை' என்று அச்சாகிவிட்டது. கம்பனையோ இளங்கோவையோ எதிர்பார்த்து வந்தவர்கள், கடைசியில் மீன் முட்டையைப் பற்றிக் கேட்க நேர்ந்துவிட்டதே என்று மனம் நொந்துகொள்ள வேண்டாம். ரசனை என்ற பாதி சரியாகத்தான் அச்சாகியிருக்கிறது.

இந்தப் பொருளில் எனக்குப் பரிச்சயம் ஏற்பட்டது ஆவடியில். 1961-இல் அங்கே தொடங்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையைப் பற்றி இந்த வட்டாரத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விஜயந்தா டாங்கிக்குப் பிறகு, ரஷ்ய வடிவமைப்பிலான டி-72 டாங்கியை அங்கே செய்யத் தொடங்கிய எண்பதுகளில், எங்கள் சித்தப்பா சில மாதப் பயிற்சிக்காகச் சோவியத் நாட்டுக்குப் போய்வந்தார். திரும்பி வரும்போது ஒரு கம்பளித் தொப்பியும், பொம்மைக்குள் பொம்மையாக அடங்கும் மரப் பொம்மை ஒன்றும், உள்ளங்கையில் மறைந்துவிடும் அளவுக்கு ஒரு நீல டப்பாவும் கொண்டுவந்தார். மூடியில் நீண்ட மூக்குள்ள ஒரு மீனின் படம். "அண்ணி, இது ரொம்ப ஒசத்தி. அங்கே பெரிய மனுஷங்க சாப்பிடறது. குளிர்ச்சியா வச்சிருங்க" என்று அம்மாவிடம் கொடுத்தார். குளிர்ச்சிக்கு எங்கள் வீட்டில் மண்பானைதான் உண்டு. அம்மா மறுநாள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "அட, மீன் செனைதானே இது! இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று சொல்லி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மிளகாய்த்தூளும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டு, வழக்கம்போல் உப்பும் சேர்த்து, இரும்புச் சட்டியில் சுருளச் சுருள வதக்கி இறக்கிவிட்டார்.

அன்று இரவு சாப்பிட வந்த சித்தப்பா, இலையில் விழுந்ததைப் பார்த்தார். அடுப்படி ஓரத்தில் கிடந்த நீல டப்பாவைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ரசம் சோற்றோடு அந்தக் கடுங்கரிப்பை முழுவதும் சாப்பிட்டு முடித்து, "நல்லாத்தான் இருக்கு அண்ணி" என்றார். அந்த மனிதரின் பண்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் பனிக்கும். நானோ, யாரும் பார்க்காத சமயத்தில், மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்த பத்துப் பதினைந்து மணிகளை விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். வெந்ததற்கும் வேகாததற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கணத்தில் தெரிந்தது. அதை என்னவென்று சொல்ல அன்றைக்கு எனக்கு வார்த்தை இல்லை. வார்த்தை தேடியதன் விளைவே இந்தப் பேச்சு.

கேவியர் என்பது ஸ்டர்ஜன் என்னும் மீனின் உப்பிட்ட சினை. வேறு மீன்களின் சினையையும் அந்தப் பெயரால் விற்கிறார்கள் என்றாலும், சம்பிரதாயம் அறிந்தவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஸ்டர்ஜன் மிகப் பழைய ஜாதி. செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகளை உடம்பில் வரிசையாகப் பதித்துக்கொண்டு, டைனோசர் காலத்திலிருந்து பெரிய மாறுதல் இல்லாமல் நீந்தி வருகிற ஜீவன். அதன் தாயகமென்று பேர்பெற்றது ரஷ்யாவுக்கும் ஈரானுக்கும் நடுவேயுள்ள காஸ்பியன் கடல். அங்கே மூன்று வகை பிரசித்தம்: பெலூகா, ஒசெத்ரா, செவ்ரூகா. பெலூகாவின் மணி பெரியது, சாம்பல் நிறம், தோல் மெல்லியது. ஒசெத்ராவின் மணி பழுப்பும் பொன்னும் கலந்தது, வறுத்த கொட்டையின் வாசனை உள்ளது. செவ்ரூகாவின் மணி சிறியது, கருமையானது, கரிப்பில் கொஞ்சம் அழுத்தமானது. மூடியின் நிறத்தாலும் இவற்றைப் பிரிப்பது வழக்கம்: முறையே நீலம், மஞ்சள், சிவப்பு. எங்கள் டப்பா நீலமாக இருந்தபடியால் நான் ருசித்தது பெலூகா என்று பெருமை அடித்துக்கொள்ள ஆசைதான். ஆனால் கடையில் விற்கும் சின்ன டப்பாக்களில் நீலம் எல்லா வகைக்கும் உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

இதைத் தயாரிக்கும் விதத்தில்தான் என் மனம் அதிகமாகச் சென்று நிற்கிறது. மீனின் வயிற்றிலிருந்து சினைப்பையை முழுதாக எடுத்து, கண் அகன்ற ஒரு சல்லடையின் மேல் வைத்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற பக்குவத்தில் உள்ளங்கையால் மெல்ல உருட்டினால், சவ்வு மேலே தங்கிவிட, மணிகள் ஒவ்வொன்றாகக் கீழே உதிரும்; அவற்றைக் குளிர்ந்த நீரில் அலசி, நீர் வடிய விட்டு, உப்புப் போடுவதற்கென்றே பயின்ற ஒருவர் கைக்கணக்காக உப்பைத் தூவிக் கலந்து, காற்று இல்லாமல் டப்பாவில் அழுத்தி மூடி, நீர் உறையும் நிலையை ஒட்டிய குளிரில், ஆனால் உறைந்துவிடாமல், வைத்துவிட வேண்டும். இவ்வளவும் நிமிஷக் கணக்கில் முடிய வேண்டும்; தாமதித்தால் மணிகள் குழைந்துவிடும். உப்பு எடைக்கு நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குக்குமேல் போகாத உயர்ந்த பக்குவத்துக்கு ரஷ்ய மொழியில் 'மாலசோல்' என்று பெயர். 'உப்புக் குறைவு' என்பதே பொருள். குறைத்துப் போட்ட உப்பைச் சிறப்பாகச் சொல்லிப் பெயர் வைத்திருப்பதைக் கவனியுங்கள். எங்கள் அம்மா மேலும் ஒரு பிடி போட்டார்.

சாப்பிடும் முறையும் அப்படியே. வெள்ளிக் கரண்டி ஆகாது. வெள்ளி பட்டால் உலோகச் சுவை ஏறிவிடும். முத்துச்சிப்பியின் ஓட்டில் செய்த கரண்டி, கொம்பு, எலும்பு, இவையே உத்தமம். நம் வீட்டில் குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கு இருந்தால் அதுவே போதும். கரண்டியும் வேண்டாம் என்பவர்கள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையேயுள்ள புறங்கைப் பள்ளத்தில் கொஞ்சம் வைத்து, உடம்புச் சூடு ஏறச் சிறிது பொறுத்து, அப்படியே வாயில் எடுத்துக்கொள்கிறார்கள். மெல்லக் கூடாது. நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்தினால், மணி ஒவ்வொன்றும் தனித்தனியே உடைந்து, முதலில் கடலின் கரிப்பும், அதன் பின்னே வெண்ணெயின் வழவழப்பும், எல்லாம் விழுங்கிய பிறகு ஊறவைத்த பாதாமை நினைவூட்டுகிற ஒரு மெல்லிய இனிப்பும், வரிசை தவறாமல் வந்து போகும். புதிய சரக்கில் மீன் நாற்றம் இராது. நாற்றம் இருந்தால் அது பழசு. எலுமிச்சையும் வெங்காயமும் சேர்த்துக்கொள்வார் சிலர். என் அபிப்பிராயத்தில் அது மட்டச் சரக்கின் குற்றத்தை மறைக்கச் செய்த உபாயம்.

இத்தனை மரியாதைக்குரிய இந்தப் பண்டம் எப்போதும் பணக்காரர் பண்டமாக இருந்ததென்று நினைத்துவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஆறுகளில் ஸ்டர்ஜன் மலிந்து கிடந்தபோது, அந்த நாட்டுச் சாராயக் கடைகளில், வந்தவர்களுக்குத் தாகம் மிகுந்து இன்னொரு கோப்பை கேட்கட்டும் என்பதற்காக, இதைச் சும்மா வைத்துக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். நம்மூர் மொழியில் சொன்னால், கொசுறு. ஆறுகளை வழித்தெடுத்து மீனை அருகச் செய்த பிறகே அது அந்தஸ்து பெற்றது.

காஸ்பியன் கதையும் இதற்குக் குறைந்ததன்று. ஸ்டர்ஜன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். 1961-இல் வோல்கா நதியில் வோல்காகிராட் அணை முடிந்தபோது, பெலூகா காலங்காலமாக ஏறிச்சென்ற வழி பெரும்பாலும் அடைபட்டுப்போயிற்று. 1991-இல் சோவியத் நாடு உடைந்ததும் காவல் தளர்ந்து திருட்டு வலை பெருகியது. பெலூகாவின் பெண் மீன் முதல் சினை பிடிக்கவே பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகும். நம் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்து கல்லூரிக்குப் போகிற காலம் அது. அதன் பிறகு அந்த முதல் சினைக்காகவே அதன் வயிற்றைக் கிழித்தால் வம்சம் எப்படி நிலைக்கும்? 1998-இல் ஸ்டர்ஜன் இனம் முழுவதும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2006-இல் காஸ்பியன் ஏற்றுமதி ஒதுக்கீட்டையே பெரும்பாலும் நிறுத்திவைத்தார்கள். இன்று உலகச் சந்தைக்கு வருவது பெரும்பாலும் பண்ணைகளில் வளர்த்த மீனின் சினை. அதில் முதலிடம் சீனாவுக்கு.

இதையெல்லாம் கேட்டு, எங்கோ ரஷ்யாவில் நடந்தது என்று நாம் பெருமூச்சு விட்டுவிட முடியாது. வங்காளிகள் இலிஷ் என்றும் கோதாவரிக் கரையார் புலச என்றும் கொண்டாடுகிற மீனுக்குத் தமிழில் உல்லம் என்று பெயர். அதுவும் ஸ்டர்ஜனைப் போலவே கடலில் வளர்ந்து ஆற்றில் ஏறி முட்டையிடுவது. சதையைக் காட்டிலும் அதன் சினைக்கே மதிப்பு அதிகம் என்று சொல்லும் வங்காளிகளை நான் சந்தித்திருக்கிறேன். அந்த மீன் ஒரு காலத்தில் நம் காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறிக்கொண்டிருந்தது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைகள் எழுந்தன. 1934-இல் மேட்டூர் அணை முடிந்து வெள்ளத்தின் போக்கே மாறியபின், காவிரி உல்லம் க்ஷீணித்துப் பெயரளவில் நின்றுவிட்டது. வோல்காகிராடுக்கு இருபத்தேழு ஆண்டு முன்பே நாம் அந்தக் காரியத்தைச் செய்து முடித்துவிட்டோம். டெல்டாவுக்கு நெல் வேண்டியிருந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உல்லத்துக்காக ஒருவரும் அழுததாக எனக்குத் தெரியவில்லை. அழுவதற்கு முதலில் ருசி தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

இனி நம் ஏரிக்கரைக்கு வருகிறேன். சினை என்ற சொல்லே எவ்வளவு விசாலமானது! இலக்கணத்தில் முழுமையின் உறுப்புக்குச் சினை என்று பெயர். மரத்தின் கிளையும் சினை. கருவுற்ற பசு சினைப்பசு. மீனின் முட்டைத் திரளும் சினை. தாய் மீன் தன் முட்டையைப் பார்வையாலேயே பொரிக்கும், ஆமை நினைவால் பொரிக்கும், பறவை ஸ்பரிசத்தால் பொரிக்கும் என்று நம் சைவப் பெரியோர்கள் குருவின் தீட்சைக்கு உவமை சொல்லி, மதுரையில் அம்மைக்கு மீனாக்ஷி என்ற பெயர் வந்ததற்கும் அதையே விளக்கமாக்கினார்கள். மீன் விஞ்ஞானிகள் இதை ஒப்பமாட்டார்கள். ஆனால் நம் செம்பரம்பாக்கம் ஏரியில், நாம் ஏளனமாகப் பார்க்கிற ஜிலேபி மீன், 1952-இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த அந்நியன், தன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காத்து, குஞ்சு பொரிந்த பின்னும் ஆபத்து வந்தால் வாய்க்குள் வாங்கிக்கொள்கிறது. விராலோ முட்டை மிதக்கும் இடத்தை விட்டு நகராமல் ஆணும் பெண்ணுமாகக் காவல் நிற்கிறது. பார்வையால் பொரிக்கிறது என்று சொன்னவர் ஒரு விரால் குட்டையின் கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தவராக இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

செம்பரம்பாக்கம் நிறைந்தால் இருபத்து நான்கு அடி. மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தைந்து மில்லியன் கன அடி. சென்னை குடிப்பது அந்தத் தண்ணீரையும்தான். பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் சாலையில் சிறிது தூரம் போனால், கரையோரமாக மீன் விற்கிறவர்கள் தராசும் அரிவாள்மணையுமாக அமர்ந்திருப்பார்கள். கோடையில், ஏப்ரல் 15 முதல் அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், அம்பத்தூர் ஆவடிச் சந்தைகளில் கடல் மீன் அருகி, இந்த ஏரி மீனுக்கு மவுசு கூடும். தடைக்காலம் முடிந்து ஆனி, ஆடி வந்தால், கட்லாவும் ரோகுவும் வயிறு புடைத்து வரத் தொடங்கும். மீன்காரம்மா வயிற்றைக் கீறி, இரண்டு விரல் கனத்தில் மஞ்சளும் சாம்பலுமாகச் சினைப்பையை எடுத்து, "இந்தா கண்ணு, செனை இருக்கு, கொழம்புல போட்டுக்க" என்று பையில் போடுவார். காசு கேட்க மாட்டார். அமெரிக்கச் சாராயக் கடை எனக்கு நினைவு வருவது அப்போதுதான்.

இந்தச் சினையில் ஒரு விசேஷம் இருக்கிறது. கட்லாவும் ரோகுவும் வடநாட்டுப் பெருநதிகளின் பிரஜைகள். வெள்ளம் புரண்டு ஓடும் நீரில்தான் முட்டையிடும். தேங்கிய ஏரியில் அவற்றுக்குச் சினை பிடிக்கும். ஆனால் ஓட்டத்தின் ஸ்பரிசம் இல்லாதபடியால் பொதுவாக முட்டையிடுவதில்லை. பருவம் தவறியதும் அந்த லட்சக்கணக்கான முட்டைகளைத் தம் உடம்பிலேயே மீண்டும் கரைத்துக்கொள்ளும். அப்படியானால் ஏரிகளுக்குக் குஞ்சு எங்கிருந்து வருகிறது? 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி, ஒரிஸாவின் அங்குல் என்னும் ஊரில், ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி, ஒரு மீனின் மூளையடியிலுள்ள சுரப்பியின் சாற்றை மற்றொரு கெண்டை இன மீனுக்கு ஊசியால் ஏற்றி, குளத்து மீனை முட்டையிடச் செய்தார். அதுவரை ஆற்றில் துணி வலை கட்டிக் குஞ்சு பிடித்து அனுப்பிக்கொண்டிருந்த தேசம், அதன்பின் பொரிப்பகங்களில் குஞ்சு வளர்த்து ஏரிகளில் விடத் தொடங்கியது. அந்த ஜூலை 10 இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான்: பெலூகாவின் சினையைத் தின்றவன் ஒரு வம்சத்தைத் தின்றான், ஏரிக் கட்லாவின் சினையைத் தின்பவன், எப்படியும் பிறக்கப் போகாத ஒன்றைத்தான் தின்கிறான். பாவபயம் இல்லாமல் அநுபவிக்கத்தக்க சினை உலகத்தில் எங்காவது உண்டென்றால் அது நம் வீட்டு வாசலில் இருக்கிறது. அதைத்தான் நாம் புளிக்குழம்பில் போட்டு, மணலாகும்வரை கொதிக்கவிட்டு, மீன் துண்டுகளுக்கு நடுவே எது சினை எது மசாலா என்று தெரியாமல் விழுங்குகிறோம். விராலின் சினைக்கு இந்தச் சலுகை கிடையாது. அது ஏரியிலேயே குடும்பம் நடத்துகிறது. மழைக்காலத்தில் அதை விட்டுவிடுங்கள்.

ருசிக்கும் விதத்தைத் தாய்மார்களுக்கு முன்னால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். பச்சையாக வேண்டாம். ஏரி மீனில் புழுவும் கிருமியும் இருக்கக்கூடும். காஸ்பியன் பெருமையைக் கேட்டுவிட்டு யாரும் சாகசத்தில் இறங்க வேண்டாம். கொரட்டூர் ஏரியைப் போலச் சாக்கடையும் ஆலைக்கழிவும் கலந்த நீரின் மீனைச் சமைத்தாலும் வேண்டாம். பேத்தை மீனின் சினை கொடிய விஷம் என்பது கடற்கரைக் குழந்தைக்கும் தெரியும். நல்ல நீரின் கட்லாச் சினையைச் சவ்வு கிழியாமல் எடுத்து, அலசி, எடைக்கு நூற்றுக்கு மூன்று பங்கு உப்பைத் தடவி அரைமணி நேரம் வைத்து, வாழையிலையில் மடித்து, இட்லிப் பானையில், நடுப்பகுதியும் நிறம் மாறிக் கெட்டிப்படும்வரை வேகவிட்டு, அந்தக் கணமே இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் ஒரு நிமிஷம் கூடினாலும் மணலாகிவிடும். ஆறியபின் விரல் தடிமனில் துண்டு போட்டு, மிளகாயும் புளியும் காட்டாமல், ஒரு துளி நல்லெண்ணெய் மாத்திரம் விட்டு, வாயில் வைத்து, மெல்லாமல் நாக்கால் மேலே அழுத்திப் பாருங்கள். பெலூகாவின் மணி போல் உடைந்து ஒழுகாது. உப்புமா ரவையைப் போல் பொலபொலவென்று உதிர்ந்து, வெண்ணெய் வாசனையோடு ஒரு நெகிழ்ச்சி வரும். இரண்டும் ஒன்று என்று நான் சாதிக்கவில்லை. காஸ்பியன் சரக்கு உயர்ந்ததுதான். ஆனால் கட்லாச் சினை இந்த வகையில் தனக்கென்று ஒரு குணம் உடையது என்பதை, குழம்பிலிருந்து அதை மீட்டெடுத்த அன்றே நான் அறிந்தேன்.

இதை முதன்முதலாகச் செய்து எங்கள் அம்மாவுக்குக் கொடுத்தபோது, ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு சற்றுநேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு, "உப்பு போதலை" என்றார். மறுபடி ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

நண்பர்களே, ஆடி பிறந்து பத்து நாள் ஆகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மீன்காரம்மா சினையை எடுத்து நீட்டும்போது, தயவுசெய்து அதற்குத் தனியே காசு கொடுங்கள். செய்து பார்ப்பவர்கள் ஆவணிக்குள் செய்து பார்த்துவிட வேண்டும். புரட்டாசி பிறந்துவிட்டால் என் வீட்டு அடுப்பிலேயே மீன் ஏறாது.